சர்க்கரைக் காட்டில் ஒரு குட்டி

எங்கள் வீட்டில் வெண்பனியை முதன்முதலாகப் பார்த்த அன்று, பார்த்த நாலு பேருமே அதைச் சர்க்கரை என்றுதான் நினைத்தோம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்தில், கரும்பு வெட்டும் அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகளாகப் பிறந்து, சர்க்கரை மில் சங்கு கேட்டு எழுந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தரையில் வெள்ளையாக ஏதோ மலை மலையாகக் கொட்டிக் கிடந்தால் எங்களுக்கு வேறு என்ன தோன்றும்?

பார்த்தது லேப்டாப்பில். நான் ப்ளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் அது. அம்மா அதை வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்து, தலையில் முக்காடு போட்டு, ஜெபம் செய்துவிட்டுத்தான் திறக்க விட்டாள். திறந்தால் உள்ளே பாடம் தொடர்பாக என்னென்னவோ இருந்தன. அவற்றை நாங்கள் மரியாதையோடு அப்படியே விட்டுவிட்டோம். என் கூடப் படித்த பெண் ஒருத்தி பென்டிரைவில் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்தாள். திருக்கோவிலூரில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் செல்போன் கடையிலிருந்து அவளுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த லேப்டாப்பின் உண்மையான முதலாளி என் தங்கைதான். அவள் அப்போது நாலாம் வகுப்பு.

விளையாட்டு எளிமையானது. ஒரு விலங்குக் குட்டி. ஒரு காது கொஞ்சம் கிழிந்திருக்கும். அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினால் ஓடும், நீளப் பொத்தானைத் தட்டினால் தாவும். மரக்கட்டைகளைத் தாண்ட வேண்டும், ஆற்றைக் கடக்க வேண்டும், துரத்துகிற ஓநாய்களுக்குத் தப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அடுத்த காடு வரும். தலைக்கு மேலே ஓர் ஆந்தை கூடவே பறந்து வந்து அடிக்கடி கத்தும்.

அது என்ன விலங்கு என்பதிலேயே வீட்டில் சண்டை. அம்மா கீரிப்பிள்ளை என்றாள். அப்பா நரி என்றார். "நரிக்கு எங்கனா இம்மாந்துண்டு மூஞ்சி இருக்குமா? கரும்புக் கொல்லையில நீ நரியே பாத்ததில்லையா?" என்று அம்மா கேட்டாள். "பாத்ததாலதான் சொல்றேன். இது சின்ன வயசு நரி" என்றார் அப்பா. தங்கைக்கு இந்த வழக்கு பிடிக்கவில்லை. "அது குட்டி. அவ்ளோதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கடைசிவரை அதற்குக் குட்டி என்பதுதான் பெயர்.

நாலாவது காட்டில்தான் அந்த வெள்ளை வந்தது. தரை முழுக்க வெள்ளை, மரத்தின் மேல் வெள்ளை, குட்டி ஓடினால் பின்னால் வெள்ளைத் தூள் பறக்கிறது. அப்பா ஒரு பருவத்தில் மில் குடோனில் மூட்டை தூக்கியிருக்கிறார். அவர் சந்தேகமே இல்லாமல் சொன்னார்: "சக்கரதான். மூட்ட கிழிஞ்சா இப்பிடித்தான் கொட்டிக் கெடக்கும்."

"வழுக்குதேப்பா" என்றாள் தங்கை. குட்டி சரிவில் சறுக்கிக்கொண்டு போனது.

"சக்கர மேல நடந்து பாத்திருக்கிறியா நீ? வழுக்கும்."

"மேலருந்தும் கொட்டுதே?"

இதற்கு அப்பா யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் மில் புகைபோக்கியிலிருந்து கரித்தூள் பறந்து வந்து விழும். கொடியில் காயும் துணி, வாசலில் வைத்த தண்ணீர்க் குடம், தலைமுடி, எல்லாவற்றின் மேலும் விழும். வானத்திலிருந்து ஏதாவது விழுவது எங்களுக்கு அதிசயமே இல்லை. "நம்ம மில்லுல கரி வுழுது. அது பெரிய மில்லு, சக்கரையே வுழுது" என்றார். பாடப்புத்தகத்தில் இமயமலைப் படம் பார்த்திருந்த நானும் தலையாட்டினேன். மறுநாள் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் சொல்லவில்லை. சர்க்கரை என்பதே நன்றாக இருந்தது.

அப்படித்தான் கதை உருவானது. விளையாட்டில் கதை என்று எதுவும் சொல்லப்படவில்லை. எழுத்து கிடையாது, பேச்சு கிடையாது, பின்னால் ஒரு மத்தளச் சத்தம் மட்டும். ஆகவே கதையை நாங்களே போட்டுக்கொண்டோம். குட்டியின் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போய்விட்டார்கள். குட்டி அவர்களைத் தேடிக் கிளம்பியிருக்கிறது. வழியில் பெண்ணையாறு. அப்புறம் கல்வராயன் மலை. அப்புறம் சர்க்கரைக் காடு. தலைக்கு மேலே கத்திக்கொண்டே வருகிற ஆந்தை யாரென்று கேட்டால், வெட்டு ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி. இந்தப் பெயரை வைத்தது அம்மா. மேஸ்திரி கத்தும்போதெல்லாம் அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும். வெட்டுக் காட்டில் சிரிக்க முடியாத சிரிப்பையெல்லாம் அவள் அங்கே சிரித்துத் தீர்த்தாள் என்று நினைக்கிறேன்.

கடைசிக் காட்டில் தூரத்தில் ஒரு வீடு தெரியும். கூரையிலிருந்து புகை வரும். ஊரில் மற்றப் பிள்ளைகளுக்குக் கூரையில் புகை என்றால் சோறு வேகிறது என்று அர்த்தம். எங்களுக்கு முதலில் வருவது மில் புகைதான். புகைபோக்கியில் புகை எழும்பினால் அரவை தொடங்கிவிட்டது என்று பொருள். அப்பாவும் அம்மாவும் வெட்டு ஆட்களோடு ஊர் ஊராகப் போய்விடுவார்கள், வயலிலேயே கரும்புத் தோகையால் கொட்டாய் போட்டுத் தங்குவார்கள். அந்த மாதங்களில் தங்கைக்கு நான்தான் சமைத்துப் போட்டு, தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன். அதனால் புகை வரும் வீட்டைப் பார்த்ததும் தங்கை சொன்னாள்: "அங்கதான் அவங்க அப்பாவும் அம்மாவும் இருக்காங்க."

அந்த வீட்டின் கதவுவரை குட்டியைக் கொண்டுபோய்விடலாம். கதவைத் தொட்டால் திரை கறுத்துப்போகும். அவ்வளவுதான், லேப்டாப் அப்படியே நின்றுவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். முதல் தடவை தங்கை தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டதாக நினைத்தாள். பிறகு மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள், தாவித் தொட்டுப் பார்த்தாள், ஓநாய் எதுவும் இல்லாத சமயமாகப் பார்த்துத் தொட்டாள். எப்படித் தொட்டாலும் இருட்டுதான்.

அது கோடைவிடுமுறை. எனக்கு விழுப்புரத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. எங்கள் சொந்தத்தில் பெண்பிள்ளை யாரும் அதுவரை ஊரைவிட்டுப் போய்ப் படித்ததில்லை. நான் போய்விட்டால் அரவைக் காலத்தில் தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. எங்கள் சபைக்காரர் ஒருவர் சொல்லி, கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் அவளைச் சேர்ப்பதாக முடிவானது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம். இரண்டு வேளை ஜெபம், மூன்று வேளை சாப்பாடு. எல்லாருக்கும் நிம்மதி, அவளைத் தவிர.

அவள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "குட்டி உள்ள போறதப் பாத்துட்டுதான் நான் ஆஸ்டலுக்குப் போவேன்."

சரி, அதையாவது செய்து கொடுப்போம் என்று லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு, மணலூர்பேட்டை வழியாகத் திருக்கோவிலூருக்கு பஸ் ஏறினேன். அவளும் கூட வந்தாள். செல்போன் கடைக்காரருக்கு வயது என்னைவிட ரொம்ப ஜாஸ்தி இருக்காது. லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது ஒரு கார்ட்டூன் படத்தோட கேமும்மா. படம் வரும்போது கூடவே கேமும் வுடுவாங்க. நெட்ல எறக்கும்போது சைஸு கம்மி ஆவட்டும்னு நடுநடுவுல வர வீடியோவ எல்லாம் எவனோ வெட்டிட்டிருக்கான். கடைசியில படம் ஓடணும். அத தேடுது. இல்லன்னதும் நின்னுடுது."

"முழு கேம் கெடைக்குமாண்ணா?"

"கஷ்டம். பழைய படம்மா இது. யாரும் கேக்க மாட்டாங்க."

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, குட்டிக்கு ஒரு படம் இருக்கிறது, அதில் ஒரு முழுக் கதை இருக்கிறது, நாங்கள் போட்டது எங்கள் கதை மட்டும்தான் என்று. தங்கை கடைக்காரரைப் பார்த்து, "படத்துல அது வூட்டுக்குள்ள போவுதா?" என்று கேட்டாள். அவர் படம் பார்த்ததில்லை. ஆனால் குழந்தை கேட்கிறதே என்று, "போவாம? போவும் போவும்" என்றார். அவள் நம்பவில்லை. பார்க்காதவர் சொல்வதை எப்படி நம்புவது என்று பஸ்ஸில் வரும்போது என்னிடம் கேட்டாள்.

இந்த விளையாட்டுகளைப் பற்றிப் பிற்பாடு யோசித்திருக்கிறேன். படத்தை விற்பதற்காகத்தான் இவற்றைச் செய்கிறார்கள். படம் பார்த்த பிள்ளை வீட்டுக்கு வந்து, பார்த்ததையே கொஞ்சம் விளையாடிப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. எங்களைப் போல் படமே பார்க்காத பிள்ளைகள் கையில் அது போய்ச் சேரும் என்று அவர்கள் நினைத்தே இருக்க மாட்டார்கள். படத்தில் குட்டி தானாகப் போகும், நாம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். விளையாட்டில் நாம்தான் அதைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாம் விரலை எடுத்தால் அது நின்றுவிடும். அதனால்தான் என் தங்கைக்கு அந்த முடிவு அவ்வளவு முக்கியமாக இருந்தது. அத்தனை தூரம் கூட்டி வந்தவள் அவள்.

விடுதிக்குக் கிளம்பிய அன்று காலையில் தகரப் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தார். தங்கை லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து எல்லாக் காட்டையும் கடந்து, கதவுக்கு முன்னால் குட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அதற்கு மேல் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

"தொறடி, பஸ்சுக்கு நேரமாவுது" என்றாள் அம்மா.

"வேணாம். தொறந்தாதானே இருட்டாவுது. வாசல்லயே இருக்கட்டும்."

அவள் எழுந்து போய்விட்டாள். குட்டி அந்த வாசலில் நின்று, காதை ஆட்டிக்கொண்டு, அவ்வப்போது திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொத்தானைத் தொடாவிட்டால் அப்படித்தான் செய்யும். அப்பாவும் அவளும் தெருமுனை தாண்டும்வரை நான் அதை அணைக்கவில்லை. அணைக்கும்போது அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள்தான் எங்கள் வீட்டின் கெட்ட நாட்கள். விடுதியில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வார்டன் அக்காவின் போனில் பிள்ளைகள் வரிசையாக வீட்டுக்குப் பேசலாம். தங்கை பேச மாட்டாள், அழுவாள். மூச்சு வாங்க அழுவாள். பின்னால் அடுத்த பிள்ளை "சீக்கிரம் குடுடீ" என்று அவசரப்படுத்துவது கேட்கும். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள்: "நான் வூட்டுக்கு வந்துடறேன்." எல்லா வாரமும் அதே வாக்கியம். அம்மா விழுப்புரத்துக்கு எனக்குப் போன் போட்டு, அதை அப்படியே சொல்லி, அவளும் அழுவாள்.

மில்லில் புகை எழும்பி, வெட்டுக்கு ஆள் கிளம்பிய பிறகு நிலைமை மோசமானது. டிசம்பரில் ஒரு ஞாயிறு அம்மா எனக்குப் போன் செய்தாள். அந்தத் தடவை அழவில்லை. முடிவெடுத்தவளின் குரல் அது.

"ஒரு வருசம் நின்னுக்கடி. அவ கொஞ்சம் பெரிசாவட்டும். அப்புறம் போய்ப் படி. கிறிஸ்மஸ் லீவுக்கு அவள கூட்டியாந்து வூட்லயே வச்சிக்கலாம். அவகிட்டயும் சொல்லிட்டேன். அக்கா படிப்ப நிறுத்திட்டு வந்துடுவா, அழுவாதன்னு சொல்லிட்டேன்."

ஒரு வருடம் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த வருடம் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. அம்மாமேல், மில்மேல், ஓயாமல் அழுகிற தங்கைமேல், என்மேல், எல்லார்மேலும் வந்தது. ஆனால் அந்த அழுகையை நானும் போனில் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு ஊசி போடப் படிக்க என்னால் முடியவில்லை. சரி என்றேன். அடுத்த சனிக்கிழமை துணிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். கல்லூரியில் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிப் போய்ச் சொல்வதாக ஏற்பாடு.

ஞாயிறு. வெட்டு அந்த வாரம் மணலூர்பேட்டைப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் ஞாயிறு ஆராதனைக்காக வீட்டுக்கு வந்திருந்தார்கள். சொன்ன நேரத்துக்குப் போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அழுகைக்குத் தயாராக முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அழுகை வரவில்லை. "அக்கா இருக்காளா?" என்றது குரல்.

"இருக்கேன் சொல்லு."

"நேத்து ஆஸ்டல்ல கிறிஸ்மஸ் விழா. செவுத்துல வெள்ளத் துணி கட்டிப் படம் போட்டாங்க. க்கா, குட்டி படம் க்கா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தக் குட்டி?"

"நம்ம குட்டி. காது கிழிஞ்சிருக்கும்ல, அது. சக்கரை இல்லக்கா, பனியாம். அப்பாகிட்ட சொல்லு."

அப்பா சங்கடமாகச் சிரித்தார். அம்மாதான் போனுக்குப் பக்கத்தில் வந்து கேட்டாள், "வூட்டுக்குப் போச்சா அது?"

பின்னால் யாரோ போனைக் கேட்டார்கள். "இருங்கடீ" என்று தங்கை அவர்களிடம் சொன்னாள்.

"இல்லம்மா. அந்தப் பொகை வர வூடு இருக்குதுல்ல, அது அதோட வூடு இல்ல. வேற யாரோ வூடு. உள்ள நெறய குட்டிங்க இருக்குது. இதுக்கும் ஒரு பாய் குடுத்தாங்க. அங்கயே இருந்துடுச்சி."

"அழுவலயா?"

"மொதல்ல அழுவுது. அப்புறம் அழுவல. அதுக்கு ஃபிரண்டு கெடச்சிடுச்சி." பிறகு ஒரே மூச்சில் சொன்னாள்: "நான் லீவுக்கு வந்துட்டு திரும்ப இங்கயே வந்துடறேன். அக்காவ நிக்க வாணாம்னு சொல்லு. வச்சிடவா? பின்னாடி நிக்கிறாங்க."

நாங்கள் மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு படம் பாத்து மனசு மாறிட்டுதே, தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். அப்பா, "நான்தான் சொன்னேனே, பழகிடும்னு" என்றார். அவர் அப்படி எப்போதும் சொன்னதில்லை. திங்கட்கிழமை நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

கிறிஸ்துமஸுக்கு அவள் வந்தபோது நான் லேப்டாப்பைத் திறந்து, குட்டியைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "அதான் முடிவு தெரிஞ்சிடுச்சில்ல" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஸ்டார் கட்டப் போய்விட்டாள். விடுமுறை முடிந்து மலைக்குத் திரும்பும்போதும் அவள் அழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள், கையாட்டினாள். அவள் தைரியசாலி என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஒரு பெண் குழந்தை, ஒன்றாம் வகுப்பு. தங்கை காலேஜ் முடித்துவிட்டு டீச்சர் வேலைக்காக மேற்கொண்டு படிக்கிறாள். இங்கே என் வீட்டில்தான் இருக்கிறாள். எனக்கு மதிய டியூட்டி வரும் நாட்களில் என் மகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

என் மகளுக்கும் கார்ட்டூன் படம், அதை வைத்து வந்த விளையாட்டு, இரண்டும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால் இவளுக்கு இரண்டும் ஒரே போனில் கிடைக்கின்றன. படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளையாட்டை இறக்கிவிடுகிறாள். முடிவு தெரியவில்லை என்றால் விரலால் தள்ளிக் கடைசிக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. என் எரிச்சலுக்கு என்ன காரணம் என்று கேட்டால் நியாயமாகப் பதில் சொல்ல முடியாது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. தங்கை என் யூனிஃபார்முக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் என் மடியில் படுத்துக்கொண்டு போனில் தமிழில் பேசுகிற ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாதி கவனத்தில் இருந்தேன். மத்தளச் சத்தம் கேட்டுத்தான் குனிந்து பார்த்தேன். திரையில் ஒரு குட்டி. ஒரு காது கிழிந்திருந்தது.

"மொதல்லருந்து போடு" என்றேன். மகள் முனகிக்கொண்டே போட்டாள். அது கீரியும் இல்லை, நரியும் இல்லை. பனிநாட்டில் இருக்கிற, நமக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒரு பிராணி. ஆறு வந்தது, மலை வந்தது, சர்க்கரைக் காடு வந்தது. ஆந்தை நல்ல ஆந்தையாம். ஓநாய் வருகிறது என்று எச்சரிக்கத்தான் வழியெல்லாம் கத்திக்கொண்டு வருகிறது. மேஸ்திரி நல்லவர்தான் என்று அம்மாவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அந்த வீடு வந்தது, கூரையில் புகை வந்தது. குட்டி வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. கதவைத் தள்ளியது.

உள்ளே அதன் அம்மா படுத்திருந்தது. குட்டி ஓடிப்போய் அதன் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அம்மா அதன் கிழிந்த காதை நக்கியது. படம் முடிந்துவிட்டது.

வேறு யாரோ வீடு இல்லை. நிறைய குட்டிகள் இல்லை. அதற்கு யாரும் பாய் கொடுக்கவில்லை. எந்தப் பனிநாட்டில் பாய் போட்டுப் படுப்பார்கள்? இத்தனை வருடத்தில் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லையே.

நான் நிமிர்ந்து பார்த்தேன். தங்கை அயர்ன் பாக்ஸைக் கையில் பிடித்தபடி திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் குனிந்துகொண்டாள்.

"சித்தி, நீ இந்தப் படம் பாத்திருக்கியா?" என்றாள் மகள்.

"பாத்திருக்கேன்."

"பாய் குடுத்தாங்கன்னு சொன்ன" என்றேன்.

"குடுத்தாங்கல்ல. எனக்கு." சட்டைக் கையை மடிப்புக் கலையாமல் திருப்பிப் போட்டாள்.

"அன்னிக்கி நீ கடைசி வரைக்கும் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. அது உள்ள போனதும் புள்ளைங்க எல்லாம் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்." பிறகு சாதாரணமாகச் சொன்னாள், "மறுநாள் ஞாயித்துக்கெழம. போன் பேசணும். நீ படிப்ப நிறுத்திட்டு வரேன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. இன்னா சொல்றதுன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சிகினே இருந்தேன்."

அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. எனக்கு அழுகை வந்தது. மறைக்கத் தோன்றவில்லை. மகள் எழுந்து உட்கார்ந்து, குட்டிதான் வீட்டுக்குப் போய்விட்டதே, அம்மா எதற்கு அழுகிறாள் என்று சித்தியைக் கேட்டாள். தங்கை அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள், சட்டையை உதறி என்னிடம் நீட்டினாள்.

"டூட்டிக்கு நேரமாவுது. கெளம்பு."

சட்டை இன்னும் சூடாக இருந்தது. போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.